கைக்குழந்தையோடு ஒரு மிஷன் டூர்... இரும்புலியூர் டு வேளாங்கண்ணி!

கலிஃபோர்னியாவில் குடியிருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் அனுப்பும் வாட்ஸ்அப் போட்டோக்களில் ஒரு படம் அடிக்கடி வரும். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வளைவு வளைவாக ஒரு தாழ்வாரம், அதற்கு முன்னால் தள்ளுவண்டியில் தொப்பி போட்ட குழந்தை. ‘மிஷன் பார்க்க வந்தோம்மா’ என்று கீழே ஒரு வரி. 1769 முதல் 1823 வரை ஸ்பெயினிலிருந்து வந்த ஃபிரான்சிஸ்கன் துறவிகள் அந்தக் கடற்கரை நெடுக 21 மிஷன்களை நிறுவினார்கள். தமிழர்கள் நிறைய வசிக்கும் ஃப்ரீமான்ட் நகரிலேயே ஒன்று இருக்கிறது. 1797-ல் தொடங்கிய மிஷன் சான் ஹோசே. வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மிஷனாகப் பார்த்துவருவது அங்கே பல குடும்பங்களுக்கு ஒரு வழக்கம்.

அதே பிள்ளைகள் லீவுக்குத் தாம்பரம் வந்தால், ‘வெயில்ல குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்கே போறது?’ என்று ஏசி மாலுக்குள் புகுந்துவிடுகிறார்கள். இரும்புலியூர் மேம்பாலத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், அந்த 21 மிஷன்களையும்விடக் கிட்டத்தட்ட 250 வருஷம் மூத்த ஒரு மிஷன் கோயில் மலைமேல் உட்கார்ந்திருக்கிறது. தெற்கே வண்டியைத் திருப்பினால் பிரெஞ்சு, டேனிஷ், போர்ச்சுகீசிய மிஷன்கள் கடற்கரையோரமாக வரிசையாக வருகின்றன. கைக்குழந்தை இருக்கும் குடும்பம் அவற்றை எப்படிப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கலிஃபோர்னியாவில் மிஷனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சரித்திரம் பார்க்கப் போகிறவர்கள். நம்ம ஊரில் இந்தக் கோயில்களுக்கு ஜனங்கள் போவதே பல நேரம் குழந்தைக்காகத்தான். பிள்ளை வரம், தொட்டில் கட்டுதல், மொட்டை, காய்ச்சல் தீர்ந்த நேர்ச்சை என்று மதம் பார்க்காமல் வருகிறார்கள். அதனால் பூசை நடுவே உங்கள் குழந்தை வீறிட்டு அழுதால் யாரும் முறைக்கமாட்டார்கள். பக்கத்து பெஞ்சுப் பாட்டி, ‘பசிக்குதோ என்னவோ, வெளியே கூட்டிட்டுப் போய் பால் குடும்மா’ என்பார். அவ்வளவுதான்.

முதல் நாள்... பரங்கிமலை மட்டும் போதும்

நெடும்பயணத்துக்கு முன் ஒரு ஒத்திகையாக அரைநாள் பரங்கிமலைக்குப் போய்வாருங்கள். காரே வேண்டாம். பெருங்களத்தூரிலோ தாம்பரத்திலோ மின்சார ரயில் ஏறினால் பரங்கிமலை ஸ்டேஷன். அங்கிருந்து மலை உச்சிக்கு ஆட்டோ. படிக்கட்டு நூற்றுச் சொச்சம்தான் என்றாலும், ஆறேழு கிலோ குழந்தையையும் அதே எடை பையையும் சுமந்து ஏறினால் உச்சியில் மூச்சு வாங்குவதற்கே அரைமணி நேரம் போய்விடும். வண்டி போகும் பாதை பின்பக்கமாக மேலேவரை போகிறது. பிரசவமாகி ஆறு மாசம்கூட ஆகாத அம்மா படியேறும் வீரத்தையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

‘பரங்கி’ என்றால் போர்ச்சுகீசியர். இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 72-ல் இந்த மலையில்தான் உயிர்விட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. அந்த நம்பிக்கையை வைத்து 1523-ல் போர்ச்சுகீசியர்கள் இங்கே கோயில் கட்டினார்கள். 1547-ல் கட்டுமான வேலைக்காகத் தோண்டும்போது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதாவது, போர்ச்சுகீசியர் கப்பலேறுவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். ‘வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம்’ என்று சுருக்கமாகப் பேசுகிறவர்களை இந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தலாம். சிலுவை இன்றும் பீடத்தில் இருக்கிறது. 1558-ல் தொடங்கிப் பலமுறை அது ரத்தம் வியர்த்தது, 1704 கடைசி முறை என்பது கோயிலின் மரபு.

இளம் தாய்மார்களுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி வேறொன்று. இந்தக் கோயில் யாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது தெரியுமா? பேறுகாலத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மரியாளுக்கு. நிறைமாதக் கர்ப்பிணியான மாதா. திருநாள் டிசம்பர் 18, அதாவது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு. அந்தத் தேதி வந்த வழியும் ஸ்பெயின்தான். அந்நாட்டு டொலேடோ நகரில் 656-ம் ஆண்டு கூடிய திருச்சபைச் சங்கம் மரியாளின் திருநாளை டிசம்பர் 18-க்கு வைத்தது. அது போர்ச்சுகல் வழியாகக் கப்பலேறிப் பரங்கிமலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உச்சியில் மரநிழலும் காற்றும் உண்டு. கீழே மீனம்பாக்கம் விமான நிலையம் தெரியும். விமானம் இறங்குவதைப் பார்த்து ஒன்றரை வயசுக் குழந்தை கைதட்டும். ஆறு மாசக் குழந்தை அதைக் கவனிக்காமல் உங்கள் கண்ணாடியைப் பிடுங்கும். காத்திருக்கும் தாத்தாவுக்கு ஒரு தகவல்: வில்லியம் லாம்டன் 1802-ல் இந்தியாவை அளக்கும் மகா நில அளவைக்கு முதல் அடித்தளக் கோட்டை இந்த மலையை ஒட்டிய சமவெளியில்தான் அளந்தார்.

காலை ஏழுக்கு மேலே இருந்தால் ஒன்பதரைக்கு இறங்கிவிடலாம். குழந்தை நல்ல மூடில் இருக்கிறதா? அப்படியானால் இன்னும் ஒரே ஓர் இடம். சைதாப்பேட்டை சின்னமலை. பரங்கிமலையிலிருந்து மெட்ரோவில் ஆலந்தூரில் மாறினால் சின்னமலை என்றே ஸ்டேஷன் இருக்கிறது. மெட்ரோவில் லிஃப்ட் இருப்பதால் தள்ளுவண்டிக்கும் சிக்கல் இல்லை. 1551-ல் போர்ச்சுகீசியர் கட்டிய சிறிய ஆரோக்கிய மாதா கோயிலும், அதை ஒட்டித் தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகையும் இங்கே உள்ளன. குகை வாசல் தாழ்வு, உள்ளே நெருக்கம், மெழுகுவத்திப் புகை வேறு. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குனிந்து போகாதீர்கள். முன்னால் தொங்கும் குழந்தையின் தலைதான் முதலில் பாறையில் இடிக்கும். ஒருவர் வெளியே பிள்ளையை வைத்துக்கொள்ள, மற்றவர் போய்வரட்டும்.

சாந்தோமும் லஸ்ஸும் இன்னொரு நாளைக்கு. சாந்தோம் பேராலயத்தில் இப்போது நிற்கும் உயர்ந்த கோபுரமும் கோதிக் கட்டடமும் 1896-ல் முடிந்தவை. மிஷன் கதை அதன் அடியில், தோமையாரின் கல்லறை இருக்கும் கீழ்த்தளச் சிற்றாலயத்தில் இருக்கிறது. 1506-ல் இன்றைய ஸ்பெயினின் நவாரா பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1545-ல் இந்த மயிலாப்பூரில்தான் சில மாதங்கள் தங்கி ஜெபித்துவிட்டு, மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். நம்ம ஊர் மிஷன் கதையில் அசல் ஸ்பெயின்காரர் வேண்டுமென்றால் அவர்தான். லஸ் சர்ச் சின்னதாக, அமைதியாக இருக்கும். சுற்றிலும் காடாக இருந்த காலத்தில் வைத்த ‘காட்டுக்கோயில்’ என்ற பெயர் பழைய மயிலாப்பூர்க்காரர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. புயலில் சிக்கிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி தெரிந்து கரைசேர்ந்தார்கள், அந்த ஒளி மறைந்த இடத்தில் கோயில் எழுந்தது என்பது ஐதீகம். அங்குள்ள கல்வெட்டு 1516 என்கிறது. நகரின் நடுவே இவ்வளவு பழைய கட்டடத்துக்குள் இவ்வளவு சும்மா போய் உட்கார முடிகிறதே என்பதே எனக்கு ஆச்சர்யம்.

காரில் யார் மடியில் குழந்தை?

இனி தெற்கே போகிற நெடுஞ்சாலைப் பயணம். இதில் கோயில்களைவிட முக்கியமான ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். நம் வீடுகளில் குழந்தை முன் சீட்டில் அம்மா மடியில்தான் பயணம் செய்கிறது. ‘பெத்தவ மடியைவிடப் பாதுகாப்பு வேற எது?’ என்று பாட்டி கேட்பார். வீட்டுக்குள் அது சரி. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பிரேக் அடித்தால் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. முன் சீட்டில் ஏர்பேக் விரிந்தால் அது நேராகக் குழந்தைமேல்தான் அறையும்.

கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் கார் சீட், அதுவும் பின் இருக்கையில். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச்சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்தை விடுங்கள், அழுதாலும் வண்டி ஓடும்போது குழந்தையை எடுக்கக் கூடாது என்பதே விஷயம். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, மறுபடி சீட்டில் போட்டுக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது குழந்தையை சீட்டிலிருந்து வெளியே எடுத்து நிமிர்த்திப் படுக்கவையுங்கள். வளைந்தபடியே பச்சிளம் குழந்தை ரொம்ப நேரம் இருக்கக் கூடாது.

இன்னொன்று. ‘ரெண்டே நிமிஷம், டோக்கன் வாங்கிட்டு வந்துடறேன்’ என்று நிறுத்திய காருக்குள் குழந்தையை விட்டுப் போகவே போகாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு சில நிமிடங்களில் ஏறிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு வேகமாகச் சூடேறும்.

ஆறு மாசத்துக்குக் குறைவான குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், கோடையிலும் தண்ணீர் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘தொண்டை வறண்டுபோயிருக்கும், ஒரு ஸ்பூன் குடு’ என்று வண்டிக்குள் யாராவது ஆரம்பிப்பார்கள். அம்மா தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டு அடிக்கடி பால் கொடுத்தால் போதும். புட்டிப்பால் குடிக்கிற குழந்தை என்றால் கொதித்த வெந்நீரை ஃபிளாஸ்க்கில் எடுத்து, பவுடரை அப்போதைக்கு அப்போது கலக்குங்கள். கலந்துவைத்த பால் நம் வெயிலில் தாங்காது. தடுப்பூசி போட்ட மறுநாள் கிளம்பவேண்டாம். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் இல்லை என்று பார்த்துக் கிளம்புங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, மூன்று மாசம் நிரம்பாத குழந்தை என்றால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் நெடும்பயணம் போகாதீர்கள்.

கிளம்பும் நேரம்தான் பாதி வெற்றி. பொங்கல், தீபாவளிக்கு முந்தின ராத்திரி இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த நாள்களைத் தவிருங்கள். சாதாரண நாளிலும் விடிகாலை ஐந்துக்கு முன்பே பால் கொடுத்துக் குழந்தையைத் தூக்கத்தோடு சீட்டில் போட்டுவிட்டால், பரனூர் டோல்கேட் தாண்டுவதே அதற்குத் தெரியாது. முதல் நிறுத்தம் அச்சிறுபாக்கம். மழைமலை மாதா கோயில் பழைய மிஷன் அல்ல, பிற்காலத்தது. ஆனால் காலாற நடக்கவும் டயப்பர் மாற்றவும் தோதான இடம். பயன்படுத்திய டயப்பரை சுருட்டிக் கவரில் கட்டி, ஹோட்டல் குப்பைத்தொட்டி வரைக்கும் உங்களோடயே வரட்டும். கோயில் வளாகத்தில் போட்டுவிட்டு வராதீர்கள்.

புதுச்சேரி... ஒரு கோயில், இரண்டு சுவர்கள்

திண்டிவனத்தில் இடதுபக்கம் திரும்பினால் சுமார் 130 கிலோமீட்டரில் புதுச்சேரி. மிஷன் தெருவில் இருக்கும் அமலோற்பவ மாதா பேராலயத்தை உள்ளூரில் ‘சம்பாக் கோயில்’ என்பார்கள். ‘செயின்ட் பால்’ என்ற பெயர் போர்ச்சுகீசிய உச்சரிப்பில் மருவித் தமிழில் சம்பாவானது. இப்போது நிற்கும் கட்டடம் 1791-ல் முடிந்தது. உள்ளே உயரமான வளைவுக் கூரை, குளிர்ச்சி. வெளியே 36 டிகிரி அடிக்கும்போது உள்ளே வந்ததும் குழந்தை அழுகையை நிறுத்தும். அந்தக் காலத்துக் கனத்த சுவரின் புண்ணியம்.

இந்த இடத்தின் பழைய கதையைப் பெரியவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் இரண்டு சுவர்கள் வருகின்றன. ஒன்று, இங்கிருந்த பழைய கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் மற்ற சாதியாரையும் பிரித்து எழுப்பியிருந்த சுவர். 1745-ல் தாழ்த்தப்பட்ட மக்கள் ‘நாங்களும் பிள்ளைகள்தானே’ என்கிற நியாயத்தோடு பாதிரியாரிடம் முறையிட, அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இன்னொன்று, பக்கத்திலேயே இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலின் சுவர். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நேரத்தில் அந்தச் சிவன் கோயில் இடிக்கப்பட்டது. பல வருஷங்களாக அதைக் கேட்டு நச்சரித்துவந்தவர்கள் இங்கிருந்த சேசு சபைப் பாதிரிமார். வேதபுரீஸ்வரர் பிறகு நகரின் வேறு இடத்தில் எழுந்தருளினார். அங்கேயும் போய்ப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவிலும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. மிஷன்களுக்குள் கொண்டுவரப்பட்ட பூர்வகுடிகள் வேலை வாங்கப்பட்டார்கள்; தப்பியோடினால் பிடித்துவந்து தண்டித்தார்கள்; ஐரோப்பிய நோய்களில் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மிஷன் மாடல் செய்து பள்ளிக்கு எடுத்துப் போவது ரொம்பக் காலமாக வழக்கம். அட்டையில் மணிக்கூண்டு மட்டும் செய்தால் சரித்திரம் வந்துவிடுமா என்று இப்போது அங்கேயே கேட்கிறார்கள். நாமும் வளைவையும் வண்ணக் கண்ணாடியையும் மட்டும் போட்டோ எடுத்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

மாலையில் கடற்கரைச் சாலை. ஆறு மணியிலிருந்து மறுநாள் காலைவரை அங்கே வண்டிகள் ஓடாது. தமிழ்நாட்டுப் பக்கம் தள்ளுவண்டியை நிம்மதியாகத் தள்ள வாய்க்கிற இடம் ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று. அதை ஒட்டிய தூய்மா வீதியில் 1855-ல் கட்டிய சம்மனசுகளின் மாதா கோயிலையும் அப்படியே பார்த்துவிடலாம். ராத்திரி தங்கல் புதுச்சேரியில்தான். முதல் நாளே வேளாங்கண்ணி போய்ச்சேர நினைக்காதீர்கள்.

தரங்கம்பாடியில் இரண்டு ராத்திரி

எனக்குக் கேட்டால் இந்தப் பயணத்திலேயே கைக்குழந்தைக்கும் அம்மாவுக்கும் உகந்த ஊர் தரங்கம்பாடிதான். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக சுமார் 110 கிலோமீட்டர். வழியில் பால் கொடுக்க நிறுத்த வேண்டுமென்றால், தமிழக அரசு 2015 முதல் பேருந்து நிலையங்களில் திறந்துவரும் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைக் கேட்டுப் பாருங்கள். காரில் வந்தவர்கள் போகக் கூடாதென்று சட்டமில்லை. எல்லா ஊரிலும் ஒரே சுத்தத்தில் இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஒரு பழைய பெட்ஷீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேனிஷ்காரர்கள் 1620-ல் தஞ்சை நாயக்கரிடம் உரிமை பெற்றுக் கோட்டை கட்டிய ஊர் இது. வளைவு வாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி. நேரே கடல். போக்குவரத்து குறைவு, தரை சமம், எல்லாமே பத்து நிமிட நடைக்குள். ஒரு வீதியைக் குழந்தை தூங்கும் நேரத்தில் ஒருமுறை, விழித்திருக்கும் நேரத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை பார்க்கலாம்.

1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கு இங்கே கப்பலிலிருந்து இறங்கியபோது வயது இருபத்து மூன்று. ஜெர்மானியர். தமிழ் தெரியாது. ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் ‘அ’னா, ‘ஆ’வன்னா எழுதித்தான் பழகினார். அவரை அனுப்பிய டென்மார்க் அரசரின் ஆணை ஒரு பக்கம் இருக்க, உள்ளூர் டேனிஷ் தளபதிக்கு இவரைப் பிடிக்கவில்லை. கோட்டைக்குள் நான்கு மாதம் சிறைவைத்தார். வெளியே வந்து அச்சுக்கூடம் வைத்தார். தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் முழுதாக அச்சேறியது. 1718-ல் ராஜ வீதியில் புது எருசலேம் ஆலயத்தைக் கட்டிமுடித்தார். மறுவருஷமே இறந்துபோனார். முப்பத்தாறு வயது. அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நீங்கள் இப்போது தமிழில் ஒரு பத்திரிகை படிக்கிறீர்கள் என்பதற்குப் பின்னால் இருக்கும் நீண்ட அச்சுக் கதையில் இந்த வீதிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

கோட்டை அருங்காட்சியகம், 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம், இறங்கிய இடத்து நினைவுச்சின்னம் எல்லாம் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட்டு அறைக்குத் திரும்புங்கள். மதியம் வெளியே வர வேண்டாம். மறுபடி நாலரைக்கு மேல். கடல் அழகுதான். ஆனால் கரையோரம் பாறைகள் உண்டு. அலையில் குழந்தையின் காலை நனைக்கிறேன் என்று இறங்காதீர்கள். 2004 சுனாமியில் இந்தக் கடற்கரை எவ்வளவு இழந்தது என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரியும்.

இரண்டு ராத்திரி என்று நான் சொல்வதற்குக் காரணம் அம்மா. பல குடும்பப் பயணங்களில் அப்பாவும் மாமனாரும் சுற்றிப் பார்ப்பார்கள். அம்மா காருக்குள் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து ஆல்பம் பார்த்தால்தான் அவளுக்கு அந்த ஊர் எப்படி இருந்ததென்றே தெரியும். இங்கே ஒரு காலை முழுக்க அப்பா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். பால் கொடுத்த கையோடு அவள் மட்டும் தனியாக ஒன்றரை மணி நேரம் அந்த வீதியில் நடந்துவரட்டும். பசி எடுத்தால் ஃபோன் பண்ண வேண்டியதுதான், ஊர் அவ்வளவு சின்னது.

பால் கேட்ட தாய்

தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் தாண்டி சுமார் 50 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. நாகூர் தர்காவில் இறங்கிவிட்டு வேளாங்கண்ணிக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. குழந்தைக்காக வேண்டிக்கொள்கிறவர்கள் வாசல் பார்ப்பதில்லை.

வேளாங்கண்ணியின் முதல் ஐதீகமே கைக்குழந்தைக் கதைதான். பால் கொண்டுபோன ஓர் இடையச் சிறுவன் குளத்தங்கரை மரநிழலில் இளைப்பாற, கையில் குழந்தையோடு ஒரு பெண் தோன்றி, ‘என் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் தா’ என்று கேட்டார். கொடுத்தான். குறைந்த பால் பானையில் மறுபடி நிறைந்திருந்தது. அந்த இடம் மாதா குளம். மூன்றாவது கதையில்தான் புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் வருகிறார்கள். ஓலைக்கொட்டகையாக இருந்த கோயிலை அவர்கள் கட்டடமாக்கினார்கள் என்பது மரபு. கப்பலில் வந்தவர்கள் கதை கடைசியில், பால்காரப் பையன் கதை முதலில். பரங்கிமலையிலிருந்து இதுவரை பார்த்த மிஷன்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 1962-ல் போப் 23-ம் ஜான் இதைப் பேராலயமாக உயர்த்தினார்.

இங்கே சின்ன மரத்தொட்டில் வாங்கிக் கட்டுவார்கள், மொட்டை போடுவார்கள். மொட்டைக்குக் குழந்தையைக் கொடுத்தால், கண்முன்னே புது பிளேடு மாற்றச்சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். தலையில் சந்தனம் தடவிய கையோடு வெயிலில் நிற்காமல் நிழலுக்கு வாருங்கள். மெழுகுவத்தி ஏற்றும் இடத்தில் புகையும் சூடும் அதிகம். ஒருவர் மட்டும் போய் ஏற்றிவிட்டு வந்தால் போதும். செருப்பில்லாமல் வெயிலில் நடக்கவேண்டி வரும். நடக்கப் பழகிய குழந்தை என்றால் கனமான சாக்ஸ் போட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்தப் பதினோரு நாளும், அதற்கு முந்தின வாரமும் கைக்குழந்தையோடு போகாதீர்கள் என்பது என் கருத்து. வேண்டுதல் என்றால் மாதா காத்திருப்பாள். சென்னையிலிருந்து காவி உடுத்தி நடந்தே போகும் பக்தர்கள் அந்த நாள்களில் சாலையோரமெங்கும் இருப்பார்கள். இருட்டில் வண்டி ஓட்டுவதும் ஆபத்து. நல்ல காலம் டிசம்பர் கடைசி வாரக் கூட்டம் கழிந்த பிறகு, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. டிசம்பர் முதல் பாதியில் புயல் எச்சரிக்கை பார்க்காமல் இந்தக் கரையோரம் வரவேண்டாம்.

திரும்பும் வழியில்...

வேளாங்கண்ணியிலிருந்து இரும்புலியூர் சுமார் 300 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று அப்பாக்கள் சொல்வார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் சரி. கைக்குழந்தை இருந்தால் சிதம்பரத்திலோ புதுச்சேரியிலோ ஒரு ராத்திரி.

கூடுதலாக ஒரு நாள் இருக்கிறவர்களுக்கு உள்நாட்டு வழி இருக்கிறது. தஞ்சாவூர் வந்து, கொள்ளிடம் தாண்டி ஏலாக்குறிச்சி, பிறகு விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பம், அங்கிருந்து உளுந்தூர்ப்பேட்டையில் மறுபடி ஜி.எஸ்.டி. ரோடு. இரண்டும் வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் இத்தாலியர் பெஸ்கியின் மிஷன்கள். 1680-ல் பிறந்து 1747-ல் மறைந்தவர். ‘தேம்பாவணி’ எழுதியவர். கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குச் சேலை கட்டி, தமிழ்ப் பெண்ணாகவே நிறுத்தினார். அந்தச் சிலையை எப்படி இருக்கவேண்டும் என்று படம் எழுதி அனுப்பி, மணிலாவில் செய்து வரவழைத்தார் என்பது ஊர் வழக்கு. அப்போது மணிலா ஸ்பெயினின் கையில் இருந்தது. இந்தச் சாலைகள் அகலம் குறைவு, கரும்பு லாரிகள் வரும், பால் கொடுக்க நிறுத்துவதற்குத் தோதான இடங்களும் தூரத்துக்கு ஒன்றுதான். எட்டு மாசத்துக்கு மேற்பட்ட, கூழ், இட்லி என்று சாப்பிட ஆரம்பித்துவிட்ட குழந்தை என்றால் மட்டும் இந்த வழி.

எந்த வழியில் வந்தாலும் ஞாயிறு சாயங்காலம் செங்கல்பட்டைத் தொடாதீர்கள். ஊருக்குப் போன மொத்தச் சென்னையும் அந்நேரம்தான் பரனூரில் நிற்கும். கார் நகராமல் நின்றால் குழந்தை அழும், அழும்போது அம்மாவுக்குக் குழந்தையை சீட்டிலிருந்து எடுக்கத்தான் தோன்றும். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், இல்லையென்றால் திங்கள்கிழமை லீவு போட்டுக் காலை பதினொரு மணிவாக்கில் நிதானமாக வந்து சேருங்கள்.